தோழி சொன்ன சொல்

"ஒரு தோசைய நாலு பேரு சமமாப் பங்கு போட்டுக்கிட்டா ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று சுபிக்ஷா டீச்சர் கேட்டாள்.

கவினுக்கு மட்டும்தான் அது தோசையாகக் கேட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அங்கித்துக்கு அது போஜ்புரி மொழியில் ரொட்டியாகக் கேட்டது. பின்னக்கணக்கு அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதால் நாலு பேர் இரண்டு பேராகக் குறைந்திருந்தார்கள். லிப்சாவின் காதில் அது ஒடியாவில், அவள் ஊரில் அரிசியும் உளுந்தும் அரைத்துச் சுடும் சக்குளியாக விழுந்தது. கூடவே, "மெதுவா யோசி கண்ணு, அவசரமே இல்லை" என்றும் ஒரு வரி. அந்த வரியைச் சுபிக்ஷா சொல்லவில்லை. செவித்தோழி சேர்த்துக்கொண்டது.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எல்லா விடையும் சரியாக இருந்தது, ஏனென்றால் எல்லாருக்கும் வந்த கேள்வி வேறு வேறு.

செவித்தோழி என்பது காதுமடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு கருவி. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். டீச்சரின் கழுத்தில் தொங்கும் குரல்வாங்கி அவள் பேசுவதை எடுத்துக்கொள்ளும். வெளியே கேட்கும் குரலைத் தோழி அடக்கிவிட்டு, அந்தக் குழந்தைக்கு எந்த மொழியில், எந்தச் சொல்லில், எந்த உதாரணத்தோடு சொன்னால் மண்டையில் ஏறுமோ அப்படி மாற்றி, டீச்சரின் குரலிலேயே காதுக்குள் சொல்லும். மொழிபெயர்ப்பது அதன் வேலையில் கால்வாசிதான். மிச்சமெல்லாம் பக்குவம் பார்ப்பது. டீச்சரின் மேசையில் வகுப்புப்பலகை இருந்தது. அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு புள்ளி. குழம்பினால் சிவப்பு, தடுமாறினால் மஞ்சள், புரிந்தால் பச்சை.

செங்காட்டுப்புதூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கு இது வந்த பிறகுதான் விடிவு வந்தது என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஊரைச் சுற்றி நூல் மில்கள். மில் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஒடியா, போஜ்புரி, வங்காளம், தமிழ். சுபிக்ஷா வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையை ஆட்டியும் படம் போட்டும் நடித்துக் காட்டியும் பாடம் நடத்தியிருக்கிறாள். சாயங்காலம் தொண்டை கட்டிவிடும். பாதிப் பிள்ளைகள் பாதி வருஷத்தில் நின்றுவிடுவார்கள். இப்போது யாரும் நிற்பதில்லை. மாவட்டத்திலேயே செவித்தோழியைச் சிறப்பாகப் பயன்படுத்தும் ஆசிரியை என்று அவளுக்குப் பாராட்டு வந்தது. வெளியூர்களிலிருந்து ஆசிரியர்கள் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

பள்ளியில் மட்டும் என்றில்லை. மில்லில் சூப்பர்வைசருக்கும் மெஷின்காரிகளுக்கும் நடுவே தோழி இருந்தது. மளிகைக்கடையிலும், பஸ்ஸிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருந்தது. தமிழும் தமிழும் பேசிக்கொள்ளும்போதுகூட ஜனங்கள் அதைக் கழற்றாமலிருக்கப் பழகிவிட்டார்கள். சண்டை குறைகிறது என்றார்கள். அந்த ஊரில் யாரும் யாருடைய மொழியையும் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

லிப்சா வந்து சேர்ந்தது போன வருஷம் மழைக்காலத்துக்குப் பிறகு. மூன்றாம் வகுப்பு. அம்மா மினதிக்கு மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. அப்பா ஊரில் இருந்தார். குடித்துவிட்டு வந்து கத்துகிற ஆள். கத்தலுக்குப் பின்னால் அடி வரும். ஒருநாள் மினதி மகளை இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

முதல் வாரத்தில் கவின் இங்க் பாட்டிலைக் கவிழ்த்ததற்காகச் சுபிக்ஷா ஒரு அதட்டல் போட்டாள். அது லிப்சாவுக்கு இல்லை. என்றாலும் அவள் பெஞ்சுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். பயத்தில் பாவாடை நனைந்துவிட்டது. எத்தனை கூப்பிட்டும் வெளியே வரவில்லை. அவளுடைய புள்ளி சிவப்பாகவே எரிந்தது. அன்றிலிருந்து டீச்சர் கரும்பலகையில் வேகமாக எழுதினாலே அவள் தோளைக் குறுக்கிக்கொள்ளத் தொடங்கினாள்.

சுபிக்ஷாவுக்குத் தூக்கம் வரவில்லை. செவித்தோழி நிறுவனத்தின் பராமரிப்புப் பொறியாளன் ரோஷன் மாதம் ஒருமுறை கோவையிலிருந்து வருவான். அவனிடம் கேட்டாள்.

"ஒரு வழி இருக்குதுங்க மேடம்," என்றான் அவன். "மென்மைன்னு ஒரு அளவு இருக்கு. எல்லாப் பசங்களுக்கும் நடுவுலதான் இருக்கும். இந்தப் பாப்பாவுக்கு முழுசா ஏத்திக்கலாம். நீங்க பரிந்துரைக்கோணும், அவங்கம்மா சம்மதிக்கோணும்."

"ஏத்துனா என்ன ஆகும்?"

"அதட்டுனா அதட்டல் போகாது. பயமுறுத்துற சொல்லு எதுவும் போகாது. 'வேண்டாம்', 'கூடாது' இதெல்லாம்கூட நேராப் போகாதுங்க. நல்லவிதமா மாத்தித்தான் போகும்."

"அது நல்லதுதானுங்களே?"

"நல்லதுதானுங்க," என்றான் ரோஷன். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பள்ளி வாசலில் மினதியிடம் சுபிக்ஷா விஷயத்தைச் சொன்னாள். மினதி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணுகிட்ட ஒரு ஆளாவது சத்தம் போடாமப் பேசட்டும் டீச்சர்," என்று சுபிக்ஷாவின் காதில் தமிழ் கேட்டது. குரல்வாங்கி இல்லாதவர்களின் பேச்சைத் தோழி தன் இனிமையான பெண்குரலிலேயே சொல்லும்.

பத்துப் பன்னிரண்டு நாளிலேயே லிப்சா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சிரித்தாள். பிறகு டீச்சரின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் பின்னாலேயே நடந்தாள். பெருக்கல் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்னாள். ஒருநாள் வகுப்பே ஒட்டுமொத்தமாகக் கூச்சல் போட்டதில் சுபிக்ஷா பொறுமையிழந்து மேசையைத் தட்டித் திட்டித் தீர்த்தாள். கவின் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். லிப்சா மட்டும் முகம் மலர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுபிக்ஷாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன கேட்டிருக்கும் இவளுக்கு?

அன்று சாயங்காலம் மினதி வாசலில் சொன்னாள். "வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான் டீச்சர். எங்க டீச்சருக்குக் கோபமே வராதுங்கிறா."

சுபிக்ஷா சிரித்தபடி தலையாட்டினாள். கோபமே வராத அந்த டீச்சர் தான் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பாசம் தனக்கு வந்ததா, காதுக்குள் இருக்கிறவளுக்கு வந்ததா? பிள்ளை சிரிக்கிறாள், அது போதும் என்று விட்டுவிட்டாள்.

குழந்தைகளுக்கு இதெல்லாம் விசித்திரமாகவே இல்லை. டீச்சர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பேசுகிறார் என்பது அவர்களுக்கு மழை பெய்தால் நனையும் என்பதுபோல. டீச்சரின் முகம் ஒன்று சொல்லும், காதில் வேறொன்று கேட்கும். முகத்தை விட்டுவிட்டுக் காதை நம்ப அவர்கள் பழகியிருந்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. கடைசி மணிக்குச் சற்று முன்னால் தலைமையாசிரியர் குமரேசன் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வேட்டி நுனி நனைந்திருந்தது.

"அம்மணி, பஞ்சாயத்துல இருந்து போன் வந்துச்சு. மேக்கால செமத்தியா மழையாம். ஓடையில தண்ணி ஏறிட்டே வருதாம். மில்லுக் குடியிருப்புப் பசங்கள தரைப்பாலத்துப் பக்கம் உட்ராதீங்க. மேல் ரோட்டுலயே சுத்திப் போகச் சொல்லிப்போடுங்க."

பள்ளிக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஓடை. தரைப்பாலம் வழியாகப் போனால் கூப்பிடு தூரம். மேல் ரோடு சுற்று, ஆனால் மேடு.

சுபிக்ஷா எழுந்து நின்றாள். அவளுடைய சித்தப்பா மகன் ஒருவன் சின்ன வயதில் ஓடைத் தண்ணீரில் போனவன். அந்தப் பயமெல்லாம் அவள் குரலில் ஏறியது.

"எல்லாரும் இங்க பாருங்க! யாரும் தரைப்பாலத்துப் பக்கமே போகக் கூடாது. போனா தண்ணி அடிச்சிட்டுப் போயிரும், செத்துப் போயிருவீங்க. வெளையாட்டில்ல! மேல் ரோட்டுலதான் போகோணும், எல்லாரும் ஒட்டுக்காச் சேர்ந்து போகோணும். புரியுதா?"

அவள் கைவிரலை ஆட்டிக் கத்தியது லிப்சாவின் கண்ணில் பட்டது. அவள் தோள் லேசாகக் குறுகியது. பிறகு காதில் ஏதோ கேட்டது. தோள் தளர்ந்தது. சிரித்தாள்.

வகுப்புப்பலகையில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. கடைசியாக அங்கித்தின் மஞ்சளும் பச்சையானது.

"சொல்லிப்போட்டீங்களா?" என்று கேட்டார் குமரேசன்.

"சொல்லியாச்சுங்க சார். எல்லாம் பச்சை."

ரோடு பிரியும் இடம் வரைக்கும் பிள்ளைகளோடு தானும் நடந்து போய்விட்டு வரலாம் என்று அவள் முதலில் நினைத்திருந்தாள். குடையைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். மறுபடி ஒருமுறை பலகையைப் பார்த்தாள். ஒரு சிவப்பு இல்லை, ஒரு மஞ்சள் இல்லை. அடுத்த வாரம் வெளியூரிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள், அதற்கு வகுப்பு விவரங்களை ஏற்ற வேண்டியிருந்தது. குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

லிப்சா வாசலில் நின்று கையாட்டிவிட்டுத்தான் போனாள்.

இருட்டுவதற்கு முன்பே தேட ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் காலை, மழை விட்ட பிறகு, ஓடை வளைகிற இடத்தில் வேலிக்கருவை முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தவளை மில் ஆட்கள் தூக்கி வந்தார்கள். காதுக்குப் பின்னால் தோழி அப்படியே இருந்தது. தண்ணீர் புகாத கருவி அது.

விசாரணை பள்ளிக்கூடத்தின் பெரிய அறையிலேயே நடந்தது. மாவட்டத்திலிருந்து வேணுகோபால் என்றொரு அதிகாரி வந்திருந்தார். ரோஷனும் வந்திருந்தான். பெற்றோர்கள் பிள்ளைகளின் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மினதி முன்வரிசையில், மில்லின் நீல மேலங்கியோடு. அவளுக்கு ஷிப்டிலிருந்து பாதி நாள்தான் விடுப்புக் கொடுத்திருந்தார்கள்.

தொடங்கும்போது அதிகாரி ஒரு விஷயம் சொன்னார். எல்லாரும் மனம் நொந்து வந்திருப்பதால் இன்று முழுக்க அனைவருடைய தோழியிலும் மென்மை முழுசாக ஏற்றப்பட்டிருக்கிறது, சாட்சியங்களும் பதிவும் மட்டும் உள்ளபடியே கேட்கும், யாருக்கும் ஆட்சேபணை இல்லையே என்றார். பின்னாலிருந்து இரண்டு ஆண்கள் எழுந்து கையை நீட்டி ஏதோ சொன்னார்கள். அவர்கள் நன்றி சொல்வதாகச் சுபிக்ஷாவுக்குக் கேட்டது.

பிள்ளைகளைத்தான் முதலில் கேட்டார்கள்.

"டீச்சர் என்ன சொன்னாங்கன்னு சொல்லு பாக்கலாம்," என்றார் அதிகாரி கவினிடம்.

"ஓடையில பேயாட்டம் தண்ணி வருது, போனின்னா நீ காலிடான்னு சொன்னாங்க சார்."

அங்கித் எழுந்தான். "அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க, மேல் ரோட்டுல ஓடிப் போனா முதல்ல போயிரலாம்னு சொன்னாங்க."

வங்காளத்துப் பெண் ஒருத்தி, "மேல் ரோட்டுல மயில் வந்திருக்குது, எல்லாரும் போய்ப் பாருங்கன்னாங்க," என்றாள். பிறகு தயங்கி, "ஆனா மயில் இல்ல," என்றாள்.

"இவங்கெல்லாம் ஒரே வகுப்புதானே?" என்று அதிகாரி குமரேசனைக் கேட்டார்.

குடியிருப்பிலிருந்து வரும் பூஜா, லிப்சாவோடு ரோடு பிரியும் இடம் வரை நடந்தவள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். "நான் மேல் ரோட்டுக்குக் கூப்பிட்டேன். அவ, டீச்சர் எங்கிட்ட பாலத்துல மெதுவாப் போன்னு சொன்னாங்கன்னா. டீச்சர் ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணொண்ணு சொல்லுவாங்க இல்ல? அதான் விட்டுட்டேன்."

அதிகாரி ரோஷனைப் பார்த்தார். ரோஷன் ஒரு பொத்தானைத் தொட்டான். லிப்சாவின் காதில் அன்று கேட்டது, தமிழாக்கப்பட்டு, அறை முழுக்க ஒலித்தது. சுபிக்ஷாவின் குரல். ஆனால் இத்தனை குழைவாக அவள் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை.

"கண்ணு, இன்னிக்கு ஓடையில நிறையத் தண்ணி வந்திருக்கு. மேல் ரோட்டுல எல்லாரும் சேர்ந்து போனா ஜாலியா இருக்கும். பாலத்துல போறதா இருந்தா மெதுவா, பாத்துப் பாத்துப் போவியாம். நீ சமத்துல்ல?"

சுபிக்ஷா எழுந்துவிட்டாள். "நான் இதச் சொல்லலீங்க! போகக் கூடாதுன்னு கத்துனனுங்க. செத்துப் போயிருவீங்கன்னு சொன்னனுங்க!"

"ஆமாங்க மேடம், நீங்க சொன்னதும் இருக்குது," என்றான் ரோஷன். அவன் முகம் வெளிறியிருந்தது. "கருவியில பழுது எதுவும் இல்லீங்க. சாவு, கூடாது, கத்தல்... முழு மென்மையில இதெல்லாம் போகாதுங்க. அதச் சொன்னா குழந்தை பயந்துக்கும்னு அது கணக்குப் போட்டிருக்குது. குழந்தை பயப்படல."

"பச்சை எரிஞ்சுதே!"

"பச்சைன்னா புரிஞ்சுதுன்னு அர்த்தங்க."

"என்ன புரிஞ்சுது?"

ரோஷன் பொத்தானிலிருந்து கையை எடுத்தான். "அவளுக்குக் கேட்டது அவளுக்குப் புரிஞ்சுதுங்க. நீங்க சொன்னதப் பத்தி பச்சைக்கு எதுவும் தெரியாது."

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். மென்மையை ஏற்றச் சொன்னது யார் என்று கேட்டார். ஆசிரியையின் பரிந்துரை, தாயின் சம்மதம் என்று பதில் வந்தது. அவர் புருவம் நெரிந்தது. விரலால் மேசையைக் குத்திக் குத்திச் சுபிக்ஷாவை நோக்கிப் பேசினார். கழுத்து நரம்பு புடைத்தது. "நீங்க உங்களால ஆனதச் செஞ்சிருக்கீங்கம்மா. மனசப் போட்டு உழப்பிக்காதீங்க," என்று அவள் காதில் கேட்டது.

அவள் அவருடைய விரலைப் பார்த்தாள். காதில் கேட்ட சொற்களுக்கு அந்த விரல் பொருந்தவில்லை. சுற்றிலும் திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் ஒருவன் வாயைக் கோணிக்கொண்டு அவளைப் பார்த்து என்னமோ சொன்னான். "பாவம் டீச்சர்," என்று கேட்டது.

முடிவுகளை அன்றே வாசித்துவிட்டார்கள். யார் மீதும் குற்றமில்லை. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆசிரியை அக்கறையோடு நடந்திருக்கிறார். இனிமேல் வெள்ளம், தீ, மின்சாரம் போன்ற ஆபத்துகளைப் பற்றி ஆசிரியர்கள் வாயால் எச்சரிக்க வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் குரல்வாங்கி தானாக மூடிக்கொள்ளும், எச்சரிக்கையைத் தோழியே நேரடியாகச் சொல்லிக்கொள்ளும். மனிதர்கள் சொல்வதை மாற்றுவதில்தானே இந்தச் சிக்கல் வந்தது, மனிதர்கள் சொல்லாமலே இருந்துவிட்டால் மாற்ற வேண்டியதே வராது.

எல்லாரும் தலையாட்டினார்கள்.

கூட்டம் கலைந்தது. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் மினதி மில் வேனுக்காக நின்றிருந்தாள். கண்கள் வறண்டிருந்தன. சுபிக்ஷா அவள் எதிரே போய் நின்றாள். சொல்ல வேண்டியதை அறைக்குள்ளிருந்தே தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். தயார் செய்ததெல்லாம் உதிர்ந்து, மிச்சம் இருந்தது வெளியே வந்தது.

"லிப்சா அம்மா, அந்த மென்மைய ஏத்தச் சொன்னது நான். 'கூடாது'ங்கிற சொல்லு போகாதுன்னு அவன் எங்கிட்டச் சொன்னான். தெரிஞ்சேதான் ஏத்தச் சொன்னேன். அன்னிக்கு ரோடு வரைக்கும் கூட வந்திருக்கோணும். குடைய எடுத்தேன். பச்சையப் பாத்துட்டு உக்காந்துட்டேன். உங்க புள்ளை செத்ததுக்கு நாந்தான் காரணம்."

மினதி மெல்லத் தலையாட்டினாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் ஆட்டும் ஆட்டல்.

சுபிக்ஷா விடவில்லை. "நான் இப்ப என்ன சொன்னேன்? எனக்கு ஒருக்காச் சொல்லுங்க. நான் என்ன சொன்னேன்?"

மினதியின் உதடுகள் அசைந்தன. காதில் அந்தப் பழகிய இனிய குரல் கேட்டது. "லிப்சா உங்க மனசுல எப்பவும் இருப்பான்னு சொன்னீங்க டீச்சர்."

"இல்ல. இல்லீங்க. நான் அதச் சொல்லல!"

மினதி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். "நீங்க வருத்தப்படாதீங்க டீச்சர். நல்லா இருங்க," என்றது காது. அவ்வளவுதான். குரல் முடிந்துவிட்டது. மினதியின் உதடுகள் முடியவில்லை. அவை அசைந்துகொண்டேயிருந்தன. கழுத்து இழுத்துக்கொண்டது, ஒரு கை முஷ்டியாகி நெஞ்சில் இடித்தது, கண்கள் சுபிக்ஷாவின் முகத்தை விட்டு நகரவில்லை. சுபிக்ஷாவின் காதிலோ மழைக்குப் பிந்தைய மதியம் போல் ஒரு நிசப்தம்.

அவள் காதுக்குப் பின்னால் நகத்தைக் கொடுத்துத் தோழியைப் பிய்த்தெடுத்தாள்.

மினதியின் சொந்தக் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டாள். அது இனிமையான குரல் இல்லை. தடித்து, பஞ்சுத் தூசியில் கரகரத்து, இடையிடையே உடைகிற குரல். ஒடியாவில் ஒரு சொல்லும் அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக ஒடியாப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறாள். அது சாபமா, ஆறுதலா, தன்னைத்தானே நொந்துகொள்வதா, எதுவும் பிடிபடவில்லை. லிப்சாவின் பெயர் மட்டும் இரண்டுமுறை காதில் தட்டுப்பட்டது.

டீச்சர் தோழியைக் கழற்றியதை மினதி பார்த்தாள். தானும் கழற்றினாள். நெருங்கி வந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி ஒரே ஒரு வரி சொன்னாள். வரியின் முடிவில் குரல் மேலேறியது. கேள்வி. சொல்லிவிட்டுப் பதிலுக்காக நின்றாள்.

என்ன கேட்டாள்? வேண்டுமென்று செய்தாயா என்றா? அவள் கடைசியாகச் சிரித்தாளா என்றா? உனக்கு என்னைப் புரிகிறதா என்று மட்டுமா? கையிலிருந்ததை மறுபடி காதில் ஒட்டிக்கொண்டால் ஏதாவது ஒரு கேள்வி கேட்கும். அது மினதியின் கேள்வியாக இருக்காது.

சுபிக்ஷா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

மினதி அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் வந்து ஹாரன் அடித்தது. அவள் நீல மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, தோழியைக் காதில் ஒட்டியபடி ஏறிப் போய்விட்டாள். மில்லுக்குள் அது இல்லாமல் விடமாட்டார்கள்.

அந்த ஒரு வரியின் ஒலியைச் சுபிக்ஷா வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மறந்துவிடக் கூடாது. யாரிடமாவது கேட்டுவிடலாம். குடியிருப்பில் ஒடியா பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. யாரைக் கேட்டாலும் பதில் தோழி வழியாகத்தான் வரும்.